உங்களுக்குத் தெரியுமா? புதுக் கேமராவும் முதல் பிரைம் லென்ஸும்

புதுக் கேமரா வாங்கி இரண்டு மாதம் ஆனதும் எல்லோருக்கும் ஒரு நமைச்சல் வரும். கூடவே வந்த கிட் லென்ஸ் போதவில்லை, அடுத்து என்ன வாங்கலாம்? யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஃபிஃப்டி எம்எம் பிரைம் வாங்குங்க, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்." காசு நம்முடையது என்பதால் கண்ணைத் திறந்துகொண்டே வாங்குவோம். இந்த வாரத் துணுக்குகள் அதற்காகத்தான்.

● 'லென்ஸ்' என்பது லத்தீனில் ஒரு பருப்பின் பெயர். நம் மளிகைக் கடையில் மைசூர்ப் பருப்பு என்று தருகிறார்களே, அதேதான். தோல் நீக்காத முழுப் பருப்பு ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நடுவில் பருத்து, ஓரம் மெலிந்து, பள்ளிக்கூட இயற்பியல் புத்தகத்தில் வரைந்த குவிலென்ஸ் மாதிரியே இருக்கும். அந்தச் செடியின் அறிவியல் பெயர் இன்றும் 'லென்ஸ் குலினாரிஸ்'.

● ஜூம் ஆகாமல் ஒரே குவியத் தூரத்தில் நிற்கும் லென்ஸுக்குத்தான் பிரைம் என்று பெயர். "நான் பிரைமைத் தொட்டதே இல்லை" என்பவரின் சட்டைப் பையிலேயே இரண்டு மூன்று இருக்கும். செல்போனின் பின்பக்கம் வரிசையாக விழித்துக்கொண்டிருக்கும் கண்கள் பெரும்பாலும் பிரைம்களே. 0.5, 1, 3 என்று விரலால் தட்டும்போது எந்த லென்ஸும் ஜூம் ஆவதில்லை. ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவுகிறது, அவ்வளவுதான். நடுவில் 1.7, 2.4 என்று இழுத்தால் படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் கையில் கொடுத்துவிடும்.

● போனிலும் எஃப் 1.8 என்று போட்டிருக்கிறது, கேமரா லென்ஸிலும் எஃப் 1.8. பிறகு ஏன் போனில் பின்னணி அப்படிக் கரைவதில்லை?

அந்த எண் ஒரு வகுத்தல் கணக்கு. குவியத் தூரத்தை 1.8-ஆல் வகுத்தால் வருவது, ஒளி நுழையும் துளையின் விட்டம். 50 எம்எம் லென்ஸில் அது ஏறத்தாழ 28 மி.மீ. பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. என்பதால், கிட்டத்தட்ட அந்த அளவு என்று வைத்துக்கொள்ளலாம். போன் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் ஆறு மி.மீ. அளவில்தான் இருக்கும். அதை 1.8-ஆல் வகுத்தால் துளை கடுகைவிடப் பெரிது, மிளகைவிடச் சிறிது. போனின் போர்ட்ரெய்ட் மோடில் தெரியும் மங்கல் பெரும்பாலும் கணக்குப் போட்டுப் பூசியது. அதனால்தான் தலைமுடி ஓரத்திலும் மூக்குக்கண்ணாடிக் காதிலும் அது தடுமாறுகிறது.

● உங்கள் 18-55 கிட் லென்ஸை 55 பக்கம் திருகினால் அதன் துளை அதிகபட்சம் எஃப் 5.6. அதே இடத்தில் எஃப் 1.8 பிரைம் ஒன்றை மாட்டினால் உள்ளே வரும் வெளிச்சம் ஏறத்தாழ 9.7 மடங்கு. ஐஎஸ்ஓ 6400 வைத்து, புள்ளி புள்ளியாக எடுத்த படத்தை ஐஎஸ்ஓ 640-இலேயே எடுத்துவிடலாம். ராத்திரி எட்டு மணிக்கு, ஒரே ஒரு ட்யூப்லைட் எரியும் ஹாலில் குழந்தையைப் படமெடுத்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

● 1, 1.4, 2, 2.8, 4, 5.6, 8... இந்த எண்கள் ஏன் இப்படிக் கோணல்மாணலாக இருக்கின்றன? ஒவ்வொன்றும் முன்னதை 1.414-ஆல், அதாவது இரண்டின் வர்க்கமூலத்தால், பெருக்கியது. விட்டம் அந்த அளவில் சுருங்கினால் பரப்பு சரிபாதியாகும். ஒவ்வொரு படி தாண்டும்போதும் வெளிச்சம் பாதி பாதியாகக் குறையும்.

● 50 எம்எம் என்ற எண் எங்கிருந்து வந்தது? ஜெர்மனியின் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக், சினிமா ஃபிலிமைப் படுக்கவைத்து ஓட்டி, இரண்டு சினிமாக் கட்டங்களைச் சேர்த்து 24-க்கு 36 மி.மீ. என்று ஒரே கட்டமாக்கினார். அந்தச் சின்னக் கேமராதான் 1925-இல் லைப்சிக் சந்தையில் 'லைக்கா' என்று விற்பனைக்கு வந்தது. லைட்ஸ், கேமரா என்ற இரண்டின் முதல் எழுத்துகள் சேர்ந்த பெயர். அதற்கு மேக்ஸ் பெரக் வடிவமைத்த லென்ஸ் 50 எம்எம், எஃப் 3.5. அது கழற்ற முடியாத லென்ஸ். வாங்கியவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் 50-தான்! நூறு வருஷமாக நாம் அதே எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பெரக் பின்னால் செய்த ஒரு லென்ஸுக்கு 'ஹெக்டர்' என்று பெயர். அது அவர் வளர்த்த நாயின் பெயர் என்பார்கள்.

● "ஐம்பது எம்எம்தான் மனிதக் கண் பார்க்கிற மாதிரி பார்க்கும்" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டுத் தலையாட்டுங்கள். ஃபுல் ஃப்ரேம் கேமராவில், அதாவது அதே 24-க்கு 36 அளவு சென்சாரில், 50 எம்எம் பிடிப்பது மூலைக்கு மூலை 47 டிகிரி. நம் இரண்டு கண்களும் சேர்ந்து பக்கவாட்டில் ஏறக்குறைய 180 டிகிரி பார்க்கின்றன. முறைப்படி பார்த்தால் 'இயல்பான' லென்ஸ் என்பது ஃபிலிம் கட்டத்தின் மூலைவிட்ட நீளத்துக்குச் சமமானது. 24-க்கு 36 கட்டத்தின் மூலைவிட்டம் 43 மி.மீ. சொச்சம். 40 எம்எம் லென்ஸ்களுக்கு ஒரு தனிக் கூட்டமே விசுவாசமாக இருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

● இனி வருவதுதான் முக்கியமான விஷயம். முதல் கேமரா வாங்குகிறவர்களில் பலர் வாங்குவது ஏபிஎஸ்-சி என்கிற க்ராப் சென்சார் கேமரா. அதில் எந்த லென்ஸை மாட்டினாலும் அதன் பார்வை குறுகும். நிக்கான், சோனி, ஃபியூஜியில் 1.5 மடங்கு, கேனனில் 1.6 மடங்கு. 50 எம்எம் அங்கே 75 அல்லது 80 எம்எம் மாதிரி நடந்துகொள்ளும். இந்த 'ஏபிஎஸ்' என்பது 1996-இல் வந்து, டிஜிட்டலுக்கு முன்னால் நிற்க முடியாமல் போன ஒரு ஃபிலிம் வகையின் பெயர். ஃபிலிம் செத்தும் அளவு மட்டும் உயிரோடு இருக்கிறது.

இதனால் வீட்டில் என்ன ஆகும்? ஒரு டேப் எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கிற ஆளைத் தலை முதல் கால் வரை, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுக்க வேண்டும். க்ராப் கேமராவில் 50 எம்எம் என்றால் நீங்கள் ஏறத்தாழ 4.3 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 35 எம்எம் என்றால் 3 மீட்டர். 24 எம்எம் என்றால் 2 மீட்டர் சொச்சம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்பது 3 மீட்டருக்கு 3.6 மீட்டர். 50-ஐ மாட்டிக்கொண்டு அந்த அறையில் முழு உருவம் எடுக்க வேண்டுமானால் சுவரை இடித்துவிட்டுப் பக்கத்து வீட்டில் நிற்க வேண்டும். பிறந்தநாள் கேக் வெட்டும்போது பின்னால் நகர்ந்து நகர்ந்து பீரோவில் முதுகு இடித்துக்கொண்டவர்கள் சங்கமே வைக்கலாம்.

அதனால் என் கட்சி இது: க்ராப் கேமரா, வீட்டுக்குள் படம், குழந்தைகள், ஊர்சுற்றல் என்றால் முதல் பிரைம் 35 எம்எம். நண்பர்கள் 50 என்று சத்தியம் செய்தாலும் 35. நிக்கான் 2009-இல் க்ராப் கேமராக்களுக்கென்றே கொண்டுவந்த 35 எம்எம் எஃப் 1.8, இருநூறு கிராம் எடையில் இந்த வேலையைக் கச்சிதமாகச் செய்தது. சிக்மாவின் 30 எம்எம் எஃப் 1.4-உம் இந்த வகைதான். ஆள் முகங்களை மட்டும் எடுப்பேன், அதுவும் வெளியில் எடுப்பேன் என்றால் 50 வாங்குங்கள், நன்றாகவே இருக்கும்.

● உங்களுக்கு எந்த எண் ஒத்துவரும் என்பதை நண்பர்களைவிட உங்கள் கம்ப்யூட்டர் நன்றாகச் சொல்லும். ஒவ்வொரு படக் கோப்புக்குள்ளும் எந்தக் குவியத் தூரத்தில் எடுத்தது என்ற குறிப்பு இருக்கிறது. கிட் லென்ஸில் எடுத்ததில் உங்களுக்குப் பிடித்த முப்பது படங்களைத் தேர்ந்தெடுத்து அந்த எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். பாதிக்கு மேல் 18-இலும் 20-இலும் நின்றால் 50 எம்எம் உங்களுக்கு எதிரி.

இன்னும் சந்தேகமா? கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 35-இல் நிறுத்தி, எலக்ட்ரீஷியன் கறுப்பு டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் அப்படியே எடுங்கள். அடுத்த வாரம் 50-இல் ஒட்டுங்கள். செலவு ஒரு டேப்தான். கழற்றியதும் பிசுபிசுப்பைத் துடைத்துவிடுங்கள்.

● "எண்பத்தஞ்சு எம்எம் போட்டா மூஞ்சி அழகா வரும்" என்பது பாதி உண்மை. முகத்தின் அமைப்பை மாற்றுவது லென்ஸ் இல்லை, நீங்கள் நிற்கும் தூரம். அரை மீட்டரில் நின்றால் மூக்கு, காதைவிட விகிதத்தில் மிகவும் பக்கத்தில் இருக்கிறது, அதனால் பெருத்துத் தெரிகிறது. இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் அந்த வித்தியாசம் கரைந்துவிடும். 85 செய்வது ஒன்றுதான்: அவ்வளவு தள்ளி நின்றாலும் முகம் கட்டத்தை நிரப்பும்படி பார்த்துக்கொள்கிறது. செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிவதற்கு உங்கள் கை நீளம்தான் காரணம். மூக்கைக் குறை சொல்லாதீர்கள்.

● 1985 ஜூன் 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' அட்டையில் வந்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமி படத்தை ஸ்டீவ் மெக்கரி எடுத்தது நிக்கானின் 105 எம்எம் எஃப் 2.5 பிரைமில். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஒசு தன் பிற்காலப் படங்களை ஏறக்குறைய முழுக்க முழுக்க 50 எம்எம் ஒன்றிலேயே முடித்தார், கேமராவைத் தரையோடு தரையாக வைத்து. புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோனும் 50-காரர். இவர்கள் பெயரைச் சொல்லி லென்ஸ் விற்பார்கள், ஜாக்கிரதை.

● ஐம்பது எம்எம் ஏன் இவ்வளவு மலிவு? உள்ளே கண்ணாடி குறைவு. கேனனின் 18-55 எஸ்டிஎம் கிட் லென்ஸில் 13 கண்ணாடித் துண்டுகள். அதே கேனனின் 50 எம்எம் எஃப் 1.8-இல் ஆறே ஆறு. ஜூம் ஆகும்போது எல்லாத் துண்டுகளும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் நகர வேண்டும். பிரைமுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

அந்த மலிவு 50-க்கு ஒரு தனிக் கதை உண்டு. 1987-இல் வந்தபோது அடிப்பாகம் உலோகம், தூரம் காட்டும் சின்னக் கண்ணாடிச் சாளரம்கூட இருந்தது. 1990-இல் வந்த இரண்டாம் பதிப்பில் எல்லாம் பிளாஸ்டிக், எடை 130 கிராம். ஃபோகஸ் ஆகும்போது டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டது மாதிரி சத்தம் வரும். கீழே விழுந்தால் முன்பாதி தனியாக, பின்பாதி தனியாக வந்துவிடும். அப்படியும் கால் நூற்றாண்டு ஓடியது. 2015-இல்தான் மூன்றாம் பதிப்பு வந்து, உலோக அடிப்பாகத்தைத் திருப்பிக் கொடுத்தது.

● இதே எஃப் 1.8 என்ற எண்ணைப் போட்டுக்கொண்டு, நிக்கானின் மிரர்லெஸ் 50 எம்எம் எஸ் வரிசை லென்ஸில் 12 துண்டுகள், 415 கிராம். எண் ஒன்று என்பதால் சரக்கும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

● எஃப் 1.8-ஐவிட எஃப் 1.4 தரும் கூடுதல் வெளிச்சம் 1.65 மடங்கு. எஃப் 1.2 தருவது 2.25 மடங்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கேனன் ஆர்எஃப் 50 எம்எம் எஃப் 1.8-இன் எடை 160 கிராம், எஃப் 1.2-இன் எடை 950 கிராம். ஏறத்தாழ ஒரு கிலோ அரிசியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திருவிழாவில் சுற்றலாமா என்பதை முடிவு செய்துகொண்டு கடைக்குப் போங்கள். விலை வித்தியாசம் எடை வித்தியாசத்தைவிடக் கொடுமை.

● துளை விஷயத்தில் பெயர் பெற்ற ஒரு ஆசாமி: கார்ல் ஸைஸ் 50 எம்எம் எஃப் 0.7. 1966-இல் செய்தது பத்தே பத்து. ஆறு நாசாவுக்குப் போயின, ஒன்று கம்பெனியிடமே நின்றது, மிச்சம் மூன்றை இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் வாங்கினார். அவருடைய 'பேரி லிண்டன்' (1975) படத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தை மட்டும் நம்பி எடுத்த காட்சிகள் அதில் எடுத்தவைதான். அந்த லென்ஸ் பொருந்துவதற்காக ஒரு மிட்செல் சினிமாக் கேமராவையே அறுத்துச் செதுக்கினார்கள். நடிகர்கள் ஒரு விரற்கடை முன்னால் சாய்ந்தாலும் ஃபோகஸ் போய்விடும் என்பதால் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

● இன்றைய 50 எம்எம் லென்ஸ்களில் பலவற்றுக்குத் தாத்தா ஒருவரே: ஸைஸ் கம்பெனியில் பால் ருடால்ஃப் 1896-இல் வடிவமைத்த 'பிளானார்'. ஆறு துண்டுகள், நடுவில் துளை, இரண்டு பக்கமும் கிட்டத்தட்டக் கண்ணாடி பிம்பம் போன்ற அமைப்பு. அற்புதமான வடிவம். ஆனால் அப்போது விலை போகவில்லை.

காரணம் வேறிடத்தில் இருந்தது. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் நான்கு சதவீதத்தைத் திருப்பி அடித்துவிடும். பிளானாரில் காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு. அப்படிப் பார்த்தால் கால்வாசிக்கு மேல் வெளிச்சம் வழியிலேயே காலி. காலியானது சும்மாவும் போகாது, உள்ளேயே எதிரொளித்துப் படத்தைச் சுண்ணாம்பு அடித்தது மாதிரி வெளிறவைக்கும். அதே ருடால்ஃப் 1902-இல் ஆறே பரப்புகளோடு கொண்டுவந்த 'டெஸ்ஸார்' தெளிவாக இருந்தது, அது ஓடியது. 1935-இல் ஸைஸின் அலெக்ஸாண்டர் ஸ்மக்குலா, கண்ணாடிமேல் மெல்லிய பூச்சு ஏற்றும் முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் பிளானார் வம்சத்துக்கு நல்ல காலம் பிறந்தது. உங்கள் லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் ஊதாவும் பச்சையுமாக மின்னுகிறதே, அந்தப் பூச்சுதான். சட்டை நுனியால் அதைத் துடைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பதறும்.

● பின்னணி மங்கலுக்கு எல்லோரும் சொல்லும் 'போக்கே' ஜப்பானியச் சொல். 1997-இல் ஒரு அமெரிக்கப் புகைப்படப் பத்திரிகை, வாசகர்கள் தப்பாக உச்சரித்துவிடக் கூடாது என்று கடைசியில் ஒரு எழுத்தைச் சேர்த்து அச்சிட்டது. சேர்த்தும் ஆளுக்கொரு விதமாகத்தான் சொல்கிறார்கள். நம் கல்யாண வீடியோக்காரர்களுக்கு அது 'பிளர்'. பேச்சு முடிந்தது.

● துளையை மூடும் தகடுகளின் எண்ணிக்கையைப் பெட்டியில் பாருங்கள். ஐந்து தகடு லென்ஸில் துளையைச் சற்றுக் குறைத்தால் பின்னால் எரியும் சீரியல் பல்புகள் ஐங்கோணமாகும். கேனனின் பழைய பிளாஸ்டிக் 50 அப்படித்தான். தெருவிளக்கைச் சுற்றி வரும் நட்சத்திரக் கதிருக்கும் இதே கணக்கு: தகடுகள் இரட்டைப்படை என்றால் கதிர்களும் அதே எண்ணிக்கை, ஒற்றைப்படை என்றால் இரட்டிப்பு. ஏழு தகட்டுக்குப் பதினான்கு கதிர்.

● பழைய நிக்கான் லென்ஸ்களில் 'டி' என்ற எழுத்தோடு வருபவை செகண்ட்ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும். 50 எம்எம் எஃப் 1.8 டி அருமையான லென்ஸ். ஆனால் அதற்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருக வேண்டும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அந்த மோட்டார் இல்லை. மிரர்லெஸ்ஸுக்கான எஃப்டிஇஸட் அடாப்டரிலும் இல்லை. மாட்டும், படம் வரும், ஃபோகஸை மட்டும் கையால் திருகிக்கொண்டிருக்க வேண்டும். கடைக்குக் கேமராவைக் கையோடு எடுத்துப் போங்கள்.

● கேனன் டிஎஸ்எல்ஆர் லென்ஸில் சிவப்புப் புள்ளி இருந்தால் இஎஃப், வெள்ளைச் சதுரம் இருந்தால் இஎஃப்-எஸ், அதாவது க்ராப்புக்கு மட்டும். சோனியில் எஃப்இ என்றால் ஃபுல் ஃப்ரேம், வெறும் இ என்றால் க்ராப். நாளை ஃபுல் ஃப்ரேமுக்கு மாறும் எண்ணம் இருக்கிறவர்கள் இதைப் பார்த்து வாங்கட்டும். "அப்புறம் மாறுவேன்" என்றவர்களில் மாறியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

● லென்ஸின் முன்னால் வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட ஒரு குறியும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும். ஃபில்டர் மாட்டும் மரையின் விட்டம் அது. குவியத் தூரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் '50 எம்எம் லென்ஸுக்கு 50 ஃபில்டர் கொடுங்க' என்று கேட்டவன். கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் என் லென்ஸ் மூடியைக் கழற்றி, உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார். 49 என்று போட்டிருந்தது.

● சாப்பாட்டுப் படம் எடுக்கிறவர்கள் பார்க்க வேண்டிய எண் வேறு: குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம். 2015-இன் கேனன் 50, 35 செ.மீ. வரை நெருங்கும். அதே கம்பெனியின் பழைய 85 எஃப் 1.8-க்கு 85 செ.மீ. தேவை. இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு 85-ஐ மாட்டினால், சாம்பார் வடையை ஃபோகஸ் செய்ய நாற்காலியோடு பின்னால் தள்ளிப் போக வேண்டும்.

● மலிவு பிரைம்களில் பெரும்பாலும் ஆட்டம் தடுக்கும் வசதி இருக்காது. கைநடுக்கத்துக்குப் பழைய சூத்திரம் உண்டு: ஷட்டர் வேகம், குவியத் தூரத்தைவிடக் குறையக் கூடாது. க்ராப்பில் 50 என்றால் 1/80. ஆனால் ஓடுகிற குழந்தைக்கும் மார்கழிக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வாசிக்கும் மிருதங்கக் கைக்கும் அது போதாது. 1/250-ஆவது வேண்டும். ஆட்டம் தடுக்கும் வசதி உங்கள் கையைத்தான் பிடித்து நிறுத்தும், வித்வான் கையை நிறுத்தாது. சபாவில் ஃபிளாஷ் போட்டால் முன்வரிசை மாமா திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அதற்குப் பயந்தாவது எஃப் 1.8 வாங்கலாம்.

● ஃபிலிம் காலத்து எஸ்எல்ஆர் கேமராக்களோடு கிட் லென்ஸாகக் கூட வந்ததே 50 எம்எம் பிரைம்தான். ஸ்டில் கேமராவுக்கான முதல் ஜூம், ஃபோக்ட்லாண்டரின் 36-82 எம்எம் 'ஸூமார்', 1959-இல்தான் வந்தது. அப்பா காலத்துக் கேமராவைப் பரணிலிருந்து இறக்கிப் பாருங்கள். ரஷ்ய ஸெனிட் என்றால் முன்னால் பெரும்பாலும் ஹீலியோஸ் 44 இருக்கும், 58 எம்எம் எஃப் 2. ஜெர்மானிய பயோட்டார் லென்ஸைப் பார்த்துச் செய்தது. மரத்தடியில் நிறுத்தி எடுத்தால் பின்னால் இலைகள் சுழல் போலச் சுற்றிக்கொண்டு நிற்கும். ஒரு அடாப்டர் வாங்கினால் இன்றைய மிரர்லெஸ்ஸில் மாட்டலாம். இந்தக் கேமராக்களில் லென்ஸ் அமரும் இடத்துக்கும் சென்சாருக்கும் இடையே 16 முதல் 20 மி.மீ.தான். பழைய எஸ்எல்ஆர்களில் 44, 46 மி.மீ. அந்த இடைவெளியை அடாப்டர் நிரப்பிக்கொள்கிறது.

● பழைய லென்ஸ் வாங்கும்போது மூடிகளைக் கழற்றி, துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சை அடித்து முன்பக்கமாகச் சாய்வாகப் பாருங்கள். தூசு நாலு இருந்தால் பாதகமில்லை. கண்ணாடி ஓரத்திலிருந்து ஒட்டடை மாதிரி, வேர் மாதிரி மெல்லிய இழைகள் உள்நோக்கி ஓடினால் அது பூஞ்சை, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிறகு துளை வளையத்தைத் திருகித் தகடுகளைப் பாருங்கள். எண்ணெய் மினுக்கம் இருக்கக் கூடாது.

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் புது லென்ஸுக்கும் இந்த ஆபத்து உண்டு. தோல் உறைக்குள் போட்டு பீரோவில் பூட்டுவது பூஞ்சைக்குத் தொட்டில் கட்டுவது மாதிரி. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம். ஜெல்லின் நீல மணிகள் பிங்க் நிறமானால் சூடுகாட்டுங்கள், மறுபடி நீலமாகும். சமையல் வாணலியில் மட்டும் வேண்டாம்.

● 1960-களின் பென்டாக்ஸ் 'சூப்பர் தாக்குமார்' 50 எம்எம் எஃப் 1.4 லென்ஸ்களில் பலவற்றின் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது. கதிரியக்கப் பொருள்தான். வருடங்கள் போகப் போகக் கண்ணாடி டீ நிறத்துக்குப் பழுத்துவிடும். மருந்து வெயில். புற ஊதா ஒளி பட்டால் மஞ்சள் வெளுக்கும். நண்பர் ஒருவர் மொட்டைமாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் ஒரு வாரம் காயவைத்தார். வடகத்தைக் காக்கா தூக்கிப் போனது, லென்ஸ் வெளுத்து வந்தது.

● கடைசியாக, எஃப் 1.8-இன் மறுபக்கம். ஃபுல் ஃப்ரேமில் 50 எம்எம், எஃப் 1.8, இரண்டு மீட்டர் தூரம்: தெளிவாக விழும் ஆழம் சுமார் 17 செ.மீ. க்ராப்பில் 12 செ.மீ.கூட இல்லை. ஒரு மீட்டருக்கு நெருங்கினால், ஃபுல் ஃப்ரேமிலேயே நாலு செ.மீ. ஒரு கண் தெரியும், மறு கண் கரையும். பெரும்பாலான லென்ஸ்கள் எஃப் 4, 5.6-இல்தான் தம் முழுத் தெளிவையும் காட்டும் என்பதும் உண்மை.

பெரியம்மா மகன் கல்யாணத்தின்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. லென்ஸ் வாங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. எஃப் 1.8-இலிருந்து நகர மாட்டேன் என்ற வெறி. கெட்டிமேளம் முழங்கியது, அண்ணன் குனிந்தார், அட்சதை பறந்தது, நான் விடாமல் அழுத்தினேன். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தால் எல்லாப் படத்திலும் அண்ணனும் அண்ணியும் மஞ்சளும் சிவப்புமாக இரண்டு மேகங்கள். அவர்களுக்குப் பின்னால் தவில்காரர், நெற்றி வியர்வை ஒவ்வொரு துளியும் எண்ணுகிற மாதிரி, விரல் கூடு முதற்கொண்டு பளிச்சென்று இருந்தார். ஆல்பத்தில் அந்தப் படங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. தவில்காரர் மட்டும் விஷயம் கேள்விப்பட்டு வீடு தேடி வந்து, "தம்பி, இதுல ஒண்ணு பெருசா போட்டுக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.